வீட்டுக்கு ஒரு ஆள்

...இல்ல சார், நான் தெரியாமத் தான் கேக்கறேன், ஒரு ஃபோட்டோவுல அவ்வளவு நேரம் பாக்கறதுக்கு என்ன சார் இருக்கு? உள்ள உக்காந்திருக்காங்களே இந்த ஹாஸ்டல் வார்டன் அம்மா, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி விட்டுக்கிட்டு ஃபோட்டோவ ஒரு தடவ பாக்கறாங்க, என் பொண்ணு மூஞ்சிய ஒரு தடவ பாக்கறாங்க. மறுபடி ஃபோட்டோ, மறுபடி மூஞ்சி. சந்தையில ஆடு வாங்க வர்றவன் கூட பல்ல ஒரு தடவ தான் சார் பிடிச்சுப் பாப்பான். எல்லாம் பொருந்தித் தானே இருக்கு? அப்புறம் எதுக்கு "அப்பா வெளிய இருங்க, பொண்ணு மட்டும் இருக்கட்டும்"னு என்னை மட்டும் கழிச்சு விடணும்? முக்கா மணி நேரமாச்சு. அந்தப் பாதிக் கதவுக்குக் கீழ அவ கால் தெரியுது பாருங்க, நின்ன இடத்துலயே நிக்கறா.

நீங்க ஏன் சார் அவ்வளவு ஓரமா நகர்றீங்க, விழுந்துடப் போறீங்க. ஆட்டு வாசனையா? ரெண்டு தடவ சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத் தான் வந்தேன். அது போகாது சார், ஊறிப் போயிடுச்சு. ஒட்டிக்கற வியாதி ஒண்ணும் இல்ல, வாங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க. உங்க டோக்கன் என்ன, பதினேழா? நாங்க பதினாறு. அப்போ நாங்க முடிஞ்சா தான் நீங்க. அந்த ஜன்னல் பக்கம் படிச்சுக்கிட்டிருக்கறது உங்க பொண்ணா? பரவால்ல, ஒரே பொண்ணா? அப்போ உங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. இருக்கறத அனுப்பினா சரி. பேப்பர மடிச்சு வைங்க சார், அதுல என்ன புதுசா எழுதியிருக்கப் போறான்.

எனக்கு ரெண்டு பொண்ணு சார். பெரியவ, சின்னவ. ஒன்றரை வயசு வித்தியாசம். தூரத்துல பாத்தா அச்சு ஒண்ணு தான், கிட்ட வந்தா தான் பெரியவளுக்கு முகம் நீளம், சின்னவளுக்கு உருண்டை. இப்ப உள்ள நிக்கறது பெரியவ. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நாங்க ஆட்டுக் குடும்பம். எட்டு குடும்பம் சேர்ந்து ஒரே மந்தையா ஓட்டிக்கிட்டுப் போவோம், மழை பெய்யற பக்கமா. நாலு மாசம் ஒரு இடம், ரெண்டு மாசம் இன்னொரு இடம். மொத்தம் அறுநூறு உருப்படி, அதுல எங்களுது நூத்திப் பதினாலு. அதுவும் கம்மி இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் சார், உங்க ஆஃபீஸ்ல இருக்கற ஆளுங்க மாதிரி தான். நீங்க ஆஃபீஸ் தானே? சட்டையப் பாத்தாலே தெரியுது.

எங்ககிட்ட ஒரு முறை உண்டு. தினம் காலையில மந்தையோட வீட்டுக்கு ஒரு ஆள் போகணும். யாருன்னு கேள்வி கிடையாது. புருசன் போறானா, பொண்டாட்டி போறாளா, பிள்ளை போகுதா, அது அந்த வீட்டுப் பாடு. தலை ஒண்ணு வந்து நின்னா சரி. கிணறு தூர் வாரணுமா, வீட்டுக்கு ஒரு ஆள். பட்டிக்கு முள்ளு வெட்டணுமா, வீட்டுக்கு ஒரு ஆள். நேத்து நான் வந்தேன், இன்னிக்கு என் மச்சான் வந்து நிக்கறான்னா ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான். எவ்வளவு லேசான ஏற்பாடு பாருங்க. இந்த கவர்மெண்ட்டுக்கு ஏன் இது புரியல?

அந்த மொத வாத்தியார் பட்டிக்கு வந்தார் சார், நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு, "உங்க வீட்டுல இருந்து யார ஸ்கூலுக்கு அனுப்பறீங்க"ன்னார். நீங்களே சொல்லுங்க, நான் என்ன நினைப்பேன்? சரி, இதுவும் வீட்டுக்கு ஒரு ஆள் போலன்னு பெரியவ பேரக் குடுத்தேன். எழுதிக்கிட்டார். சின்னவ அப்ப மூக்கு ஒழுகிக்கிட்டு என் வேட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. "இது யாரு?"ன்னார். "இத இன்னும் கணக்குல சேக்கலிங்க"ன்னேன். அவரும் சிரிச்சிட்டுப் போயிட்டார். அவர் சிரிக்காம இருந்திருக்கணும் சார். அன்னிக்கு ஒரு அதட்டு போட்டிருந்தா நான் இன்னிக்கு இந்த பெஞ்சுல உக்காந்து இப்படி லோல்பட வேண்டியதில்ல. ஆக மொத்தம் தப்பு அவரோடது தான்.

பெரியவ பதினோரு நாள் போனா. எண்ணிச் சொல்றேன், பதினோரு நாள். பன்னெண்டாவது நாள் குட்டி போடற பருவம் வந்துடுச்சு. ஆறு வயசுப் பொண்ணு என்ன செய்வான்னு நினைக்கறீங்களா? நாப்பது குட்டியும் ஒரே வெள்ளையா ஒரே மாதிரி கத்துது, எது எந்தத் தாயோடதுன்னு எனக்கே பிடிபடல. அவ நடுவுல போய் உக்காந்து, இது அதோடது, அது இதோடதுன்னு ஒவ்வொண்ணாத் தூக்கிக் குடுக்கறா. ஒண்ணு கூட மாறல. நடக்கற நடைய வச்சே எந்த ஆட்டுக்கு நாளைக்குக் காய்ச்சல் வரும்னு சொல்லிடுவா. அப்படிப்பட்டவள யாராவது ஸ்கூலுக்கு அனுப்புவாங்களா? புத்தி கெட்டா போச்சு எனக்கு?

ரெண்டு மாசம் கழிச்சு வாத்தியார் ஆள் விட்டு அனுப்பினார், உங்க பொண்ணு வரலன்னா பேர அடிச்சிடுவேன்னு. பேர அடிச்சா நல்லா இருக்காதே. பேரு தான் அங்க இருக்கு, தலைய அனுப்புவோம்னு சின்னவள அனுப்பினேன். அவ்வளவு தான் சார் நான் செஞ்சது. இத ஒரு குத்தம்னு சொல்ல முடியுமா? அந்த வாத்தியார் தலையத் தூக்காமலே பேரு கூப்பிடுவார். "உள்ளேன் ஐயா"ன்னு ஒரு தொண்டையில இருந்து சத்தம் வந்தா டிக் அடிப்பார். அஞ்சு வகுப்புக்கு அவர் ஒருத்தர், அவர் என்னத்தக் கண்டார். நாங்க இடம் மாறினோம், டி.சி. வாங்கினேன், அதுலயும் பெரியவ பேரு. அடுத்த ஸ்கூல் டீச்சரம்மாவுக்கு விசயம் தெரியும் சார், பெரியவளையும் பாத்திருக்காங்க. ஆனா நாலு பிள்ளை குறைஞ்சா அவங்க ஸ்கூல இழுத்து மூடிடுவாங்களாம். அதனால அவங்களும் கண்டுக்கல. தலைய எண்ணறதுல எங்களுக்கே பாடம் எடுப்பாங்க அவங்க.

சின்னவளுக்குன்னு தனியா ஒரு பேரு பதியலாமேன்னு கேக்கறீங்க. கேக்கலையா? சரி, கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு பேருக்கே இந்தப் பாடு, டி.சி., சீலு, அந்தக் கிளார்க் சாப்பிட்டு வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கறது. ரெண்டாவது பேரு எதுக்கு? ஒரு நுகத்தடி இருக்கறப்போ இன்னொண்ணு செய்வாங்களா?

எங்க ஆளுங்க பிள்ளைங்கள எப்படிப் பிரிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க என்னை இப்படிப் பாக்க மாட்டீங்க. நொண்டி ஆட்ட, சீக்கு ஆட்டயெல்லாம் மந்தையோட விட மாட்டோம், தனியா ஒரு சின்னப் பட்டியில போட்டு வைப்போம். ஸ்கூல்னா எங்களுக்கு அது தான் சார். நாலாவது பட்டி நெட்டையன் இருக்கானே, அவன் நாயப் பாத்து பயப்படற பையன அனுப்பினான். அவன் தம்பி, எப்பப் பாத்தாலும் சண்டை இழுக்கற பொண்ண அனுப்பினான், "அங்க போய் அவங்க உயிர வாங்கட்டும்"னு. பால்காரியக்கா நடுவுல பிறந்தத அனுப்பினா. ஏன்னு கேட்டா, அது இல்லாதது ஒரு வாரம் வரைக்கும் யாருக்குமே தெரியலயாம், அதனால அது போனா பரவால்லயாம். இப்படி ஒதுக்கித் தள்ளினதையெல்லாம் அனுப்பிட்டு, "இதுங்களுக்குப் படிப்பே ஏறல"ன்னு வாத்தியார் வந்து அழுதா என்ன அர்த்தம்? நாங்க எப்ப நல்ல சரக்கக் குடுத்தோம்?

அதுலயும் ஒரு ஞாயம் இருக்கு சார். சும்மா சிரிக்காதீங்க... சிரிக்கலையா, சரி. என் சித்தப்பா நல்லவர், அவர் மட்டும் ஊருக்கு முந்தி கெட்டிக்காரப் பையனா பாத்து அனுப்பினார். பையன் படிச்சான், படிச்சான், கடைசியில ஒரு ஆஃபீஸ்ல கிளார்க்கா போய் உக்காந்துட்டான். இப்ப ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ பட்டிக்கு வர்றான், மூக்கப் பொத்திக்கிட்டு. அவங்க அப்பாவே "யாருங்க, என்ன வேணும்"னு கேக்கற மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு எட்டு குடும்பமும் கத்துக்கிட்ட பாடம் என்ன? கெட்டிக்காரன அனுப்பினா திரும்பி வர மாட்டான். மக்குப் பையன அனுப்பினா ஃபெயிலாகி ஒழுங்கா வீடு வந்து சேருவான். அதனால மக்குப் பையன அனுப்பறது தான் நமக்கு சேஃப்டி. எப்படி? நாங்க படிக்கல தான், யோசிக்கத் தெரியாமலா இருக்கோம்?

எனக்கு மட்டும் தான் சார் கணக்கு தப்பிப் போச்சு. சின்னவள மக்குன்னு நினைச்சேன். நினைக்காம எப்படி இருப்பேன்? ஒரு நாள் மந்தையோட அனுப்பினா தரையில கிடக்கற துண்டுப் பேப்பரப் பொறுக்கி வாசிச்சுக்கிட்டு நிக்கறா, அந்தப் பக்கம் ஆடு பூராவும் ஒருத்தர் அவரைத் தோட்டத்துல இறங்கி விருந்து சாப்பிடுது. அந்த ஆளு கம்ப எடுத்துக்கிட்டு வந்தார், நான் கால்ல விழாத குறை. இன்னொரு தடவ ஒரு கிடா முட்ட வந்துச்சுன்னு மரத்து மேல ஏறி உக்காந்துட்டா. பெரியவ போய் கிடாவ காதப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, தங்கச்சிய கீழ இறக்கிக் கூட்டிட்டு வந்தா.

அப்புறம் அந்த மருந்து பாட்டில். ஆட்டுக்கு வயிறு உப்பினா ஊத்தறதுன்னு நான் ஒரு பாட்டில் வச்சிருந்தேன், ரெண்டு வருசமா அது தான் ஓடுது. சின்னவ அத எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, "அப்பா, இதுல வெளி உபயோகத்திற்கு மட்டும்னு போட்டிருக்கு, இது குளம்புல தடவறது"ங்கறா. எட்டு வயசு. எனக்கு வந்த கோவத்துக்கு பாட்டில தூக்கி எறிஞ்சேன். அதுக்கு முந்தி போன மூணு ஆடு எதனால போச்சுன்னு அப்புறம் தான்... அத விடுங்க. வாசிக்கத் தெரிஞ்சா வாசிச்சுட்டு சும்மா இருக்கணும், அப்பன நாலு பேர் முன்னாடி வச்சு வாசிக்கக் கூடாது.

இப்படியே எட்டு வருசம் ஓடுச்சு. காலையில எழுந்ததும் நான் வானத்தப் பாப்பேன், மந்தையப் பாப்பேன், எத்தனை சினை ஆடு இருக்குன்னு பாப்பேன், அப்புறம் யாரு எங்க போறதுன்னு சொல்லுவேன். தினமும் யோசிப்பேன் சார், ஒரு நாள் கூட யோசிக்காம சொன்னதில்ல. ஆனா பாருங்க, எப்படி யோசிச்சாலும் பெரியவ மந்தைக்கு, சின்னவ ஸ்கூலுக்குன்னு தான் வந்து நிக்கும். பெரியவ ஒண்ணு ரெண்டு தடவ கேட்டா, "அப்பா, என் முறை எப்ப வரும்?"னு. வரும் வரும்னேன். மழை வரட்டும்னேன். மழை வந்துச்சு, குட்டி வளரட்டும்னேன். அப்புறம் அவளும் கேக்கறத விட்டுட்டா. நல்ல பொண்ணு. நச்சரிக்க மாட்டா.

நானா? நான் என்ன செய்யறேன்னு கேக்கறீங்களா... உங்க பார்வை அப்படி இருக்கு. எனக்கு வேலை இல்லைன்னு நினைச்சீங்களா? வெளி வேலை பூரா என்னோடது தான். எந்த ஊர்ல மழை, எந்தக் காட்டுல புல்லு, எந்தத் தோட்டக்காரர் அறுப்பு முடிச்சு ஆடு விட விடுவார், எல்லாம் விசாரிக்கணும். விசாரிக்கறதுன்னா நாலு இடத்துல உக்காரணும், பேசணும், ஒரு டீ குடிக்கணும். பேச்சுன்னா சும்மாவா? காலையில ஆரம்பிச்சா தொண்டை வத்திப் போயிடும். வீட்டுக்காரிக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு, பட்டியில உக்காந்து குட்டிங்களப் பாத்துக்குவா, அதுக்கு மேல நடக்க முடியாது. அவ நடந்த காலத்துல அவ போனா, அப்புறம் பெரியவ போறா. வீட்டுக்கு ஒரு ஆள் கரெக்டா போயிக்கிட்டு தான் இருக்கு, எங்க வீட்டு முறை ஒரு நாள் தவறினதில்ல. வேணும்னா யாரையும் கேளுங்க.

இதோ வர்றேன், விசயத்துக்கு வர்றேன். எட்டாவது பரிட்சை வந்துச்சு. சின்னவ போய் எழுதினா, பெரியவ பேருல தான், வேற எந்தப் பேருல எழுதறது. எழுதிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்கிட்டா. ஒரு மாசம் கழிச்சு அவ படிச்ச ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டர்ல வர்றார், இனிப்பு டப்பாவோட. சுத்துவட்டாரத்துல மொத மார்க்காம். எந்த ஸ்கூல்லயும் இவ்வளவு யாரும் வாங்கலயாம். இந்தப் பெரிய ஸ்கூல்ல சேத்து, இந்த ஹாஸ்டல்ல தங்க வச்சு, பன்னெண்டாவது வரைக்கும் அவங்களே படிக்க வைக்கறாங்களாம். எனக்குக் கைகால் ஓடல சார். ஒதுக்கித் தள்ளினதுக்குள்ள இருந்து இப்படி ஒண்ணு வரும்னு யாரு கண்டா? நெட்டையன் மூஞ்சியப் பாக்கணுமே அன்னிக்கு.

ஹெட்மாஸ்டர் ஒரு ஃபாரம் குடுத்தார், ஃபோட்டோ ஒட்டி மறுநாளே குடுக்கணும்னார். அன்னிக்குப் பாத்து சின்னவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. ரெண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி இருக்கு, கண்ணே தெரியல. இந்த மூஞ்சிய ஒட்டினா எவன் சீட்டு குடுப்பான்? பெரியவ பக்கத்துல நல்லா லட்சணமா நிக்கறா. தலைய வாரி, பவுடர் போட்டு, அவள உக்கார வச்சு எடுத்து ஒட்டினேன். பேருக்கும் ஃபோட்டோவுக்கும் பொருத்தம் தானே? பேரும் அவளோடது, மூஞ்சியும் அவளோடது. உண்மையச் சொல்லணும்னா, எட்டு வருசத்துல அந்த ஃபாரம் ஒண்ணு தான் சார் சரியா இருந்துச்சு. ஹெட்மாஸ்டரும் சரியாப் பாக்காமலே மூக்குல பாதி படற மாதிரி சீல் குத்தி அனுப்பிட்டார்.

அப்புறம் லெட்டர் வருது, ஃபோட்டோவுல இருக்கற மாணவி நேர்ல வரணும்னு. மாட்டிக்கிட்டேன். மார்க் வாங்கின மூஞ்சி ஒண்ணு, சீல் வாங்கின மூஞ்சி ஒண்ணு. மூணு நாள் யோசிச்சேன். நாலாவது நாள் வழி கிடைச்சுது... கொஞ்சம் கிட்ட வாங்க சார், அந்த பியூன் அம்மா இந்தப் பக்கம் தான் காத வச்சிருக்காங்க. உங்களப் பாத்தா வெளிய சொல்றவர் மாதிரி தெரியல, இவ்வளவு நேரமா ஒரு வார்த்தை பேசல நீங்க. இப்ப பெரியவ சேருவா. ஒரு வாரம், பத்து நாள் இருப்பா. எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பாத்து சலிச்சுப் போன பிறகு, வீட்டுல உடம்பு சரியில்லைன்னு நான் வந்து கூட்டிட்டுப் போவேன். திரும்பி வர்றப்போ சின்னவ வருவா. கன்னம் கொஞ்சம் உருண்டிருந்தா ஹாஸ்டல் சாப்பாடுன்னு நினைச்சுக்குவாங்க. வீட்டுக்கு ஒரு ஆள், கணக்கு சரி. எப்படி இருக்கு? ஏன் சார் பெருமூச்சு விடறீங்க?

பெரியவளுக்கு ஒண்ணும் தெரியாதே, கேள்வி கேட்டா என்ன பண்றதுன்னு தான் எனக்குக் கவலை. பத்து நாளா சின்னவ அவளுக்குப் பேரெழுதச் சொல்லிக் குடுத்தா. கையெழுத்து மட்டும் போட்டா போதும், மூச்சு விடக் கூடாது, தலைய மட்டும் ஆட்டணும்னு படிச்சுப் படிச்சு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரு அவமானம் சார். ஆட்டுக்கு அடையாளம் போடற சிவப்புச் சாயம் இருக்கும்ல, அத எடுத்து பெரியவ ஆட்டு முதுகுல எழுத ஆரம்பிச்சுட்டா. ஒரு ஆட்டுக்கு ஒரு எழுத்து. நூத்திப் பதினாலு ஆட்டு மேலயும் இவ பேரு எழுத்தெழுத்தா மலையில மேயுது. "என்னப்பா, உங்க மந்தை என்ன பாடம் நடத்துது"ன்னு நெட்டையன் கேக்கறான். நான் திட்டினேன். அவ ஒரு ஆட்டப் பிடிச்சுக் கிட்ட இழுத்து, எழுத்து கோணலா இருக்குன்னு திருத்தினா.

இன்னிக்கு அங்க சின்னவ தான் சார் மந்தையோட போயிருக்கா. வேற வழியே இல்லாம. இந்நேரம் எவன் தோட்டத்துல நிக்குதுங்களோ, நினைச்சாலே பகீருங்குது. சீக்கிரம் முடிச்சுட்டு நான் போய்ச் சேரணும்... இருங்க, கால் நகருது. வெளிய வர்றா.

வாம்மா. முடிஞ்சுதா? கையெழுத்து போட்டியா, கோணல் இல்லாம வந்துச்சா? அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்? என்ன கேட்டாங்க? ...என்ன சொன்ன? மெதுவா. எல்லாத்தையுமா? ...சார், கேட்டீங்களா, எல்லாத்தையும் சொல்லிட்டு வந்து நிக்கறா. படிச்சது நான் இல்ல, என் தங்கச்சி, நான் மொத்தம் பதினோரு நாள் தான் போனேன்னு. மூச்சு விடாதேன்னு சொல்லி அனுப்பினேன் சார் இவள. போச்சு. எட்டு வருசம் கட்டிக் காப்பாத்தினது ஒரு முக்கா மணி நேரத்துல போச்சு. எந்திரி, இல்ல, நின்னுக்கிட்டு தான் இருக்க, சரி, நட. போலாம்.

வரலையா? என்ன, வரல? ...ஃபோட்டோவுல இருக்கறது யாரா? நீ தான். பேரு யாரோடதா? உன்னோடது தான், நான் வச்ச பேரு தானே. அதுக்கு? ...சார், இவள இங்கயே சேத்துக்கறாங்களாம். வயசு கூடின பொண்ணுங்களுக்கு எழுத்துல இருந்து சொல்லிக் குடுக்கற வகுப்பு ஒண்ணு இருக்காம். இவளா தான் கேட்டாளாம், எனக்கு ஒரு இடம் குடுங்கன்னு. இன்னிக்கே இருந்துக்கறாளாம். சின்னவள திங்கக்கிழமை அவ சொந்தப் பேருல நான் கூட்டிட்டு வரணுமாம், எதிர்ல உக்கார வச்சு எழுதச் சொல்லிப் பாப்பாங்களாம். அந்த மார்க்கு அவளோடது தான்னு தெரிஞ்சா அவளுக்கும் இடமாம். இத்தனை நாளும் தப்பு என்னோடதுன்னு நான் எழுதிக் குடுக்கணுமாம். நான் எங்க எழுதறது? எங்க வீட்டுல எழுதத் தெரிஞ்சது சின்னவ ஒருத்தி தானே.

இது உன் யோசனையா? ...ரெண்டு பேரும் சேர்ந்தா? பேரெழுதச் சொல்லித் தர்றேன்னு இத தான் பேசிக்கிட்டிருந்தீங்களா பத்து நாளும்? உங்கம்மாவுக்கு? ...அவளுக்கும் தெரியுமா? அப்போ அந்த வீட்டுல தெரியாத ஆளு நான் ஒருத்தன் தானா? பாத்தீங்களா சார். யார அனுப்பறது, யார வைக்கறதுன்னு தினம் காலையில நான் மண்டைய உடைச்சுக்கிட்டேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. மனசு வலிக்குது சார், சிரிக்கற விசயம் இல்ல இது.

சரி, நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. ரெண்டு பேரும் இங்க வந்து உக்காந்துக்கிட்டா மந்தையோட யாரு போறது? வீட்டுக்கு ஒரு ஆள் போயே ஆகணும், எட்டு குடும்பம் வச்ச முறை, அத நான் மீற முடியுமா? உங்கம்மாவுக்கு முட்டி. சொல்லு, யாரு இருக்கா? ...என்ன பாக்கற? என்ன, கைய நீட்டற? ...நானா?

சார், இவ சொல்றதப் பாருங்க. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சார், படிச்சவர் சொன்னா கேப்பா. ...டோக்கன் பதினேழா? கூப்பிட்டுட்டாங்களா? இருங்க, ஒரே நிமிசம். மந்தையோட போறதுன்னா கம்பத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறது மட்டும் இல்ல சார். சாயங்காலம் அறுநூறு ஆடும் ஒண்ணாத் திரும்பி வரும். அவங்கவங்க பட்டி வாசல்ல நின்னு ஒரு குரல் குடுக்கணும், அந்தக் குரலுக்கு அவங்கவங்க ஆடு பிரிஞ்சு வந்து உள்ள நுழையும். இவ கூப்பிட்டா நூத்திப் பதினாலும் வந்து நிக்கும். நான் ஒரு தடவ நின்னு கத்திப் பாத்தேன்... சார்... உங்க பேப்பர்... போயிட்டாரு.

ஏம்மா. இங்க வா, பக்கத்துல உக்காரு. அந்த அம்மா கூப்பிடறதுக்குள்ள ஒண்ணு செய்வியா? ஊர்ல இருக்கற தோட்டக்காரன், டீக்கடைக்காரன், எல்லாருக்கும் என் குரல் தெரியும். அந்த நூத்திப் பதினாலுல ஒண்ணுக்குக் கூடத் தெரியாது. திங்கக்கிழமைக்கு அப்புறம் நான் தான் அந்த வாசல்ல நிக்கணும். நீ எப்படிக் கூப்பிடுவன்னு ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டு. யாரு பாத்தா என்ன, பாக்கட்டும். மெதுவா, விட்டு விட்டு சொல்லும்மா... நான் திருப்பிச் சொல்றேன்.